கொடி அறும் இடம்

பேரன் என்ற சொல்லைப் பிரித்தால் பெயரன் என்று வரும், பேத்தி, பெயர்த்தி. பாட்டனின் பெயரை ஏற்றவன், பாட்டியின் பெயரை ஏற்றவள் என்பதே அந்த உறவுச் சொற்களுக்குள் இருக்கும் செய்தி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும் வழக்கத்தை மொழியே பதிந்து வைத்திருக்கிறது. அதில் ஆண், பெண் பேதமும் இல்லை. வைதிகச் சடங்கிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தைவழியில் மூன்று தலைமுறை, தாய்வழியில் மூன்று தலைமுறை என்று பன்னிரண்டு பேருக்கு எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் பெண்கள். சொல்லிலும் சடங்கிலும் சரிபாதி இடம் பெற்ற இந்தப் பெண்கள், குடும்ப வரலாறு ஏட்டிலும் அச்சிலும் ஏறும்போது மட்டும் எங்கே போகிறார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வமிசாவளிகளைத் தேடித் தேடித் தொகுத்தது அந்த நூற்றாண்டு. அது முடியும் தறுவாயில்தான் பெயர் பெற்ற பெண்களின் வாழ்க்கை வரலாறுகளும் நம் நாட்டில் அச்சேறத் தொடங்கின. முதல் வகை நூலில் குடும்பம் இருக்கிறது, பெண் இல்லை. இரண்டாம் வகையில் பெண் இருக்கிறாள், அவளுக்கு முன்னால் யாருமே இல்லை.

கொடிவழி நூல்களைக் குறை சொல்வதற்கு முன் அவை எதற்காக எழுதப்பட்டன என்று பார்க்க வேண்டும். காலின் மெக்கன்சி தென்னாட்டில் ஏடுகளைத் திரட்டியபோது பாளையக்காரர்களின் வமிசாவளிகள் அவர் கைக்குக் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தன. பாளையக்காரருக்குத் தம் முன்னோர்மீது திடீரென்று பாசம் பொங்கியதால் அவை எழுதப்படவில்லை. கும்பினி ஆட்சியில் யாருக்கு எந்த நிலம், யாருக்கு எந்த மரியாதை என்று முடிவாகிக்கொண்டிருந்த காலம் அது. இன்னாருக்குப்பின் இன்னார் பட்டமேறினார், இன்ன மன்னரிடம் இன்ன விருது பெற்றார் என்று காட்டுவதே அந்த எழுத்தின் வேலை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803 இல் மராத்தியில் பொறித்த போன்ஸ்லே வமிச சரித்திரமும் அப்படிப்பட்டதே. நாட்டின் ஆட்சி கையைவிட்டுப் போன சில ஆண்டுகளில் குலத்தின் பெருமை கல்லில் ஏறியது. ஆக, கொடிவழி நூல் என்பது நினைவுப் புத்தகமல்ல, உரிமைப் பத்திரம். பட்டமும் நிலமும் ஆண்வழியில் இறங்கும்வரை அந்தப் பத்திரத்தில் பெண்ணுக்கு வேலை இல்லை. ஒருவருக்கு ஐந்து தலைமுறை மேலே எண்ணினால் முன்னோர் மொத்தம் 62 பேர். தந்தைக்குத் தந்தை என்று ஏறும் கொடிவழி அவர்களில் ஐந்தே ஐந்து பேரைத்தான் தொடுகிறது. மீதி 57 பேரை விட்டுவிட்டு எழுதியதைத்தான் நாம் குடும்ப வரலாறு என்கிறோம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ஆண்வழிக் கொடி ஒழுங்காகப் படரும் இடத்தில் பெண் தெரியமாட்டாள். அது அறுபடும் இடத்தில்தான் அவள் எழுத்துக்குள் வருகிறாள். மகன் இல்லாமல் ஜமீன்தார் இறக்கும்போது, குடும்பம் மதம் மாறும்போது, சொத்து மகளுக்கே இறங்கும் குலத்தில், கணவனைவிட்டோ ஊரைவிட்டோ ஒருத்தி வெளியேறும்போது அவளுடைய பெயர், வயது, தாய், மகள், வழக்கு, கையெழுத்து எல்லாம் ஏதோ ஒரு தாளில் பதிவாகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் வாழ்க்கையை எழுத வருபவர் போற்றிப் புகழும் சரித்திர நூல்களிலிருந்து தொடங்குவதைவிட இந்த முறிவுகளிலிருந்து தொடங்குவது பயன் தரும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சிவகங்கையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. வேலு நாச்சியார் கதை எல்லோருக்கும் தெரியும்; மேடைக்கும் தபால்தலைக்கும் வந்துவிட்டவர் அவர். அதே சிவகங்கையில் அவருக்கு இரண்டு தலைமுறை கழித்து வந்த காத்தம நாச்சியாரைச் சட்டம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். 1801 இல் கும்பினியார் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு ஜமீன்தாராக அமர்த்தினார்கள். 1829 இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மனைவியரும் மகள்களும் இருந்தார்கள். பிரிவினையாகாத குடும்பம் இது, ஆகவே பங்காளிக்கே சொத்து என்று சொல்லி அண்ணன் மக்கள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். அவருக்குப்பின் மற்றொரு மனைவியின் மகளான காத்தம நாச்சியார் அதைக் கையிலெடுத்தார். ஜில்லா நீதிமன்றம், சதர் அதாலத், லண்டன் பிரிவி கவுன்சில் என்று முப்பது ஆண்டுக்குமேல் நீண்ட வழக்கு 1863 இல் முடிந்தது. குடும்பம் பிரியாமலே இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபர் தாமாகப் பெற்றது, அவர் தேடிய சொத்து. அப்படிப்பட்டது அண்ணன் மகனுக்குப் போகாது, மனைவிக்கும் அவருக்குப்பின் மகளுக்கும் போகும் என்று தீர்ப்பாயிற்று. காத்தம நாச்சியார் ஜமீனைப் பெற்று 1877 வரை ஆண்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம் கற்பவர்கள் இன்றும் அந்த வழக்கை அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது வெற்றியை அல்ல, பதிவை. கௌரி வல்லபருக்கு ஒரு மகன் இருந்திருந்தால் இந்தப் பெண்கள் சிவகங்கைக் கொடிவழியில் ஒரு வரியைக்கூடப் பெற்றிருக்க மாட்டார்கள். மகன் இல்லாததால், எந்த மனைவிக்கு எந்த மகள், யார் எப்போது இறந்தார், யாருக்கு யார் முந்தியவர் என்பதெல்லாம் வழக்குக்கு உயிர்நாடியாகி, பெண்களின் உறவுகள் ஆண்களின் உறவுகளைப் போலவே துல்லியமாக எழுதப்பட்டன. இராமநாதபுரத்திலும் இதுதான். கணவர் இறந்தபின் இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் எடுத்த சுவீகாரம் செல்லுமா என்ற கேள்வி 1868 இல் பிரிவி கவுன்சிலில் முடிவானது. கணவர் அனுமதி தராமல் இறந்திருந்தாலும் அவருடைய உறவினர் சம்மதத்தோடு விதவை மகவெடுக்கலாம் என்று தென்னாட்டு இந்து விதவைகள் எல்லோரையும் தொட்ட விதி அந்த ஒரு விதவையின் சுவீகார வழக்கில் நிலைபெற்றது. தஞ்சையில் 1855 இல் சிவாஜி மன்னர் ஆண் மகவின்றி இறந்ததும் கும்பினி அரண்மனையையும் அதிலிருந்த சொத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மூத்த இராணி காமாட்சி பாயி சாகேபு சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்று, 1859 இல் லண்டனில் தோற்றார். இது அரசின் செயல், நீதிமன்றம் கேட்க முடியாது என்றார்கள். கல்வெட்டில் குலம் பேசிய பெருமை ஒரு பக்கம். அந்தக் குலத்தின் கடைசியில் கும்பினியை எதிர்த்து வக்காலத்துப் போட்ட பெண் ஒரு பக்கம். எது வரலாறு என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியதும் அல்ல. நீதிமன்ற ஆவணத்தில் கேட்பது வக்கீலின் குரல், மொழிபெயர்ப்பாளரின் குரல். திரைக்குப் பின்னாலிருந்து கையொப்பமிட்ட இராணியின் குரல் அல்ல. அவருக்குப் பின்னால் திவான்களும் கடன் கொடுத்த செட்டியார்களும் நின்றிருப்பார்கள், வழக்கே அவர்களுடைய வழக்காகக்கூட இருந்திருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். அப்படியென்றால் ஆண்களின் ஆவணங்களும் அதே கதிதான். பாளையக்காரர் தம் வமிசாவளியைத் தாமே உட்கார்ந்து எழுதினாரா என்ன? ஏடு எழுதியவர் கணக்குப்பிள்ளை, தொகுத்தவர் துரையின் உதவியாளர். குரல் தூய்மையாகக் கிடைக்கவில்லை என்பதற்காக ஆண்களின் வரலாற்றை யாரும் கைவிட்டதில்லை. நீதிமன்றத் தாள் மனத்தைக் காட்டாது. ஆனால் பெயரையும் தேதியையும் உறவையும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு நடுவே நிறுத்தும். புகழுரை நூல் அந்தச் சோதனையைச் சந்திப்பதே இல்லை.

கொடி அறுபட்டால்தான் பெண் தெரிகிறாள் என்றால், கொடியே பெண்வழியில் ஓடிய குடும்பங்களில் என்ன நடந்தது? தேவதாசிக் குடும்பங்களின் எழுத்து இதற்கு விடை சொல்கிறது, அதை அச்சகம் என்ன செய்தது என்பதும் சேர்ந்தே தெரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சைப் பிரதாபசிம்மர் அவையிலிருந்த முத்துப்பழனி ‘ராதிகா சாந்தவனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். காவியப் புலவர்கள் முகப்பில் தம் குலத்தைச் சொல்வது மரபு; பாட்டன், தந்தை, குரு என்று அந்த வரிசை போகும். முத்துப்பழனி அந்த இடத்தில் தம் பாட்டியையும் அத்தையையும் வைத்து, அவர்கள் வழியே தம் புலமைக்கு மரபு காட்டினார். 1887 இல் வெங்கடநரசு அந்நூலைப் பதிப்பித்தபோது இந்த முகப்புரை விடுபட்டது, பாடல்கள் சிலவும் போயின. பின்னர் பெங்களூர் நாகரத்தினம்மா மூலச் சுவடியைப் பார்த்து, விடுபட்டதைக் கண்டு, 1910 இல் முழு நூலைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று அரசு தடை விதித்தது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தடை நீங்கியது. ஆபாசச் சண்டை பிரபலமாகிவிட்டது. எனக்கு அதைவிடச் சொல்லத்தக்கதாகப் படுவது முகப்புரை போன கதைதான். சிருங்காரப் பாடல்களை வெட்டியதற்குக் கூச்சம் காரணம் என்று சொல்லிவிடலாம். பாட்டியின் பெயரிலும் அத்தையின் பெயரிலும் என்ன சிருங்காரம் இருக்கிறது? பெண்வழி மரபுரை ஒரு நூலுக்குத் தேவையான உறுப்பாகவே பதிப்பாசிரியரின் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் பொருள்.

அதே குலத்தாரின் கொடிவழி நீதிமன்றத்தில் வேறு வடிவில் உயிரோடு இருந்தது. 1864 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நடனக் குடும்பத்துப் பெண்களின் பாகப்பிரிவினை வழக்கைக் கேட்டது. குடும்பச் செலவில் ஆடல் பாடல் கற்றுச் சம்பாதித்தால் அந்தச் சம்பாத்தியம் குடும்பத்துக்கே பொது என்ற கொள்கை அங்கே பேசப்பட்டது. வேதம் படித்த மகனின் வருமானத்துக்கு ஸ்மிருதிகள் வகுத்த விதியை ஆடும் மகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். கலை என்பது பாட்டி போட்ட முதல் என்று சட்டம் ஒரு கணம் ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றமோ 1880 இல் நாயகினிகள் எனப்பட்ட ஆடல் மகளிர் பெண்பிள்ளையைத் தத்தெடுப்பது செல்லாது என்று தீர்த்துவிட்டது. இரண்டு மாகாணங்கள், இரண்டு பார்வைகள். இரண்டிலும் கேள்வி ஒன்றே: தாயிடமிருந்து மகளுக்குப் போகும் கொடியைக் குடும்பம் என்று ஏற்பதா, கூடாதா? சட்டம் எதைச் சொன்னாலும் இசை அந்தக் கொடியை விடவில்லை. 1867 இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்த வீணை தனம்மாளின் கொடிவழி பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரண்மனையில் ஆடிப்பாடிய பாப்பம்மாள்வரை பெண்கள் வழியாகவே மேலேறுகிறது; பாட்டி காமாட்சி, தாய் சுந்தரம்மாள், அவருக்கு மகள் தனம்மாள். கீழே இறங்கினால் மகள் ஜெயம்மாள், பேத்தி பாலசரஸ்வதி, இன்னொரு மகள்வழியில் பிருந்தாவும் முக்தாவும். எந்தப் பாளையக்காரர் வமிசாவளிக்கும் குறையாத நீளம். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெண். மதுரை சண்முகவடிவின் மகள் எம்.எஸ். என்றும், லலிதாங்கியின் மகள் எம்.எல். என்றும் தாயின் பெயரை முன்னெழுத்தாக ஏந்தியது இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்த அதே கணக்குதான்.

இதைச் சொன்னவுடன், தாசி முறையைப் பொற்காலமாக்குகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. சிறுமிகளை விலைக்கு வாங்கித் தத்து என்று பெயரிட்டதும் அந்தக் கொடிவழியில்தான் நடந்தது. அந்தக் குலத்தில் பிறந்து வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936 இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலுக்குப் பெயரிட்டார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுதலை ஒழித்தது நியாயமே. என் வாதம் முறையைப் பற்றியதல்ல, பதிவைப் பற்றியது. ஒடுக்கிய ஓர் அமைப்பும் தன் பெண்களின் பெயர்களை வரிசை பிசகாமல் காத்தது, மதிப்புக்குரிய குடும்பங்கள் என்று பெயரெடுத்தவை தம் பெண்களின் பெயர்களைத் தொலைத்தன. இவை இரண்டும் ஒருங்கே உண்மை. ஒன்றைச் சொல்வதால் மற்றது பொய்யாகிவிடாது. சொத்து எந்த வழியில் போகிறதோ நினைவும் அந்த வழியில் போகிறது என்பதைத்தான் இரண்டும் காட்டுகின்றன.

இனி இரண்டாம் வகை நூல்களுக்கு வருவோம். புகழ்பெற்ற பெண்களின் சரித்திரங்கள் ‘முதல்’ என்ற சொல்லை அளவுக்குமேல் நம்பியவை. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பட்டதாரி, முதல் பெண் நாவலாசிரியர். இந்தச் சொல் மதிப்புத் தருவதுபோலத் தந்து, அந்தப் பெண்ணை அவளுக்கு முன்னிருந்த எல்லாப் பெண்களிடமிருந்தும் துண்டித்துவிடுகிறது. கிருபாபாய் சத்தியநாதனை எடுத்துக்கொள்வோம். 1862 இல் அகமத்நகரில், பிராமண மரபிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய மராத்தியக் குடும்பத்தில், பதினான்கு குழந்தைகளில் பதின்மூன்றாவதாகப் பிறந்தார். 1878 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கு அதன் கதவு திறந்து மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. முதல் ஆண்டில் சிறந்து தேறியும் உடல் இடம்கொடுக்கவில்லை. பின்னர் சாமுவேல் சத்தியநாதனை மணந்து, உதகையில் முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி நடத்தி, ‘சகுணா’, ‘கமலா’ என்று இரு நாவல்களை ஆங்கிலத்தில் எழுதி, 1894 இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். முதல் இந்தியப் பெண் ஆங்கில நாவலாசிரியர் என்று அவரைப் போற்றுவார்கள். உடனே, 1877 இல் இறந்த தோரு தத் ஓர் ஆங்கில நாவலை முடிக்காமல் விட்டுப் போனாரே என்று வேறொருவர் எழுவார். இந்த ஓட்டப் பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் நமக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை.

குடும்பத்தைப் பார்த்தால் விளங்கும். ‘சகுணா’ தன்வரலாற்றுச் சாயல் கொண்ட நாவல். அது சகுணாவில் தொடங்கவில்லை, அவளுடைய தாய் ராதாவில் தொடங்குகிறது. கணவர் மதம் மாறியதால் அதிர்ந்து, விருப்பமின்றி அவரோடு போய், மெல்ல மெல்லப் புதிய வாழ்வுக்குப் பழகிய அந்தத் தாயின் கதைக்குக் கிருபாபாய் பல பக்கங்கள் ஒதுக்குகிறார். முத்துப்பழனி செய்ததைத்தான் இவரும் செய்கிறார், தெரியாமலே. மாமியார் வீடும் வெறும் வீடல்ல. மாமியார் அன்னா, தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயத்தின் மகள். திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் பள்ளியில் படிப்பித்து, சென்னைக்கு வந்தபின் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, அந்தப்புரப் பெண்களுக்குக் கற்பித்து, குழந்தை வளர்ப்புப் பற்றித் தமிழில் ‘நல்ல தாய்’ என்ற நூலையும் எழுதியவர். 1878 இல் மறைந்தார். மருத்துவம் படிக்கச் சென்னை வந்த மராத்தியப் பெண் தங்கியது அன்னாவின் வீட்டில்தான். பெண் எழுதுவதும் பெண் கற்பிப்பதும் அதிசயமாகாத ஒரு வீடு ஏற்கெனவே அங்கே இருந்தது. கிருபாபாய்க்குப்பின் சாமுவேல் மணந்த கமலா, தெலுங்கு நாட்டுப் பெண். 1901 இல் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழைத் தொடங்கினார். ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905 இல் முதலில் வெளியானது அந்தச் சென்னை இதழில்தான். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா தாயின் வாழ்க்கையை 1956 இல் நூலாக எழுதினார். பின்னர் சரோஜினி நாயுடு, பண்டித ரமாபாய் ஆகியோருக்கும் வரலாறு எழுதியது அதே கை. மாமியார், மருமகள், அவர் இடத்துக்கு வந்த இன்னொரு மருமகள், பேத்தி. இரத்தத்தால் இணையாத பெண்களும் இந்தக் கொடியில் இருக்கிறார்கள். ஆண்வழி மரத்தில் இவர்கள் சாமுவேலின் தாய், சாமுவேலின் மனைவியர், சாமுவேலின் மகள் என்று மட்டும் வருவார்கள். யூனிஸ் டி சூசா 2005 இல் இந்தக் குடும்பத்தின் எழுத்துகளை ஒரே நூலாகத் தொகுத்தபோதுதான் கிருபாபாய் தனி மரமல்ல என்பது எளிய வாசகருக்கும் கண்ணில் பட்டது.

அந்த நூலின் தலைப்பு ‘சத்தியநாதன் ஃபேமிலி ஆல்பம்’. ஆங்கில இலக்கியம் அறிந்தவர்களுக்கு அது இன்னொரு நூலை நினைவூட்டும். 1870 இல் லண்டனில் வெளியான ‘தத் ஃபேமிலி ஆல்பம்’, கல்கத்தா தத் குடும்பத்தாரின் கவிதைத் தொகுப்பு. அதில் எழுதிய நால்வரும் ஆண்கள். தோருவுக்கு அப்போது பதினான்கு வயது, அவரைச் சேர்க்காததைக் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்தைக் கவிதையின் பொருட்டு இன்று யாராவது நினைக்கிறார்கள் என்றால் அது தோருவால்தான். அவருடைய தாயும் ஓர் ஆங்கிலச் சமய நூலை வங்காளத்தில் பெயர்த்தவர் என்பதைத் தோருவைப் பற்றிய குறிப்புகளின் ஓரத்தில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

குடும்பத்தை இவ்வளவு தூக்கிப் பிடிப்பது ஆபத்து என்று இருதிசையிலிருந்தும் எதிர்ப்பு வரும். ஒரு திசையிலிருந்து வருவது பெண்ணியர்களின் கேள்வி: அந்த நூற்றாண்டில் பெயர் பெற்ற பெண்களில் பலர் குடும்பத்தை மீறித்தானே பெயர் பெற்றார்கள்? பண்டித ரமாபாயைக் காட்டுவார்கள். பெற்றோரை இழந்து, தமையனோடு நாடெங்கும் நடந்து, சாதி கடந்து மணந்து, இரண்டே ஆண்டில் கணவரை இழந்து, மதத்தையும் மாற்றிக்கொண்டவர். கொடிவழி என்று பேச அவரிடம் என்ன மிஞ்சியது? 1887 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்ற நூலை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் என்று பார்த்தால் போதும்: தாய் லட்சுமிபாய்க்கு. அனந்த சாஸ்திரி டோங்ரே ஊர் எதிர்ப்பை மீறி மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். அந்த மனைவி மகளுக்குக் கற்பித்தார். சாஸ்திரியின் துணிச்சலை எல்லோரும் எழுதுகிறார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த நீண்ட ஆண்டுகள் தாயுடையவை. குடும்பத்தை மீறிய பெண்ணுக்கும் ஒரு தாய்வழி இருக்கிறது. அவள் மீறியது பெரும்பாலும் மற்ற வழியை.

மறு திசையிலிருந்து வரும் எதிர்ப்பு நம் ஊருக்கே உரியது. கொடிவழி ஆராய்ச்சி இங்கே சாதிப் பெருமைக்கு எரு. குலம், கோத்திரம், கூட்டம் என்று அச்சாகிக் குவியும் நூல்கள் போதாதா, பெண்களுக்கும் சேர்த்து ஒன்று வேண்டுமா? அந்த நூல்களைப் பார்த்தவர் எவருக்கும் இந்தச் சலிப்பு நியாயமாகவே படும். ஆனால் சாதிப் பெருமைக்கு உதவுவது ஆண்வழி மரம். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே குலதெய்வம் என்று நேர்கோட்டில் அது ஏறுகிறது. தாய்களைக் கேட்டுக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு படியிலும் வேறு வீடு, வேறு ஊர் வரும். உறவுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில் சாதி மாறாது, உண்மை, ஊராவது மாறும். சத்தியநாதன் வீட்டில் இரண்டு தலைமுறைக்குள் திருநெல்வேலித் தமிழும் அகமத்நகர் மராத்தியும் ஆந்திரத் தெலுங்கும் கலந்துவிட்டன. இந்தக் கலப்பை, குலப்பெருமை பேசும் நூல் எதுவும் தாங்காது. ஏழைகள் இதில் எங்கே என்று கேட்டால் அது மட்டும்தான் நான் முழுதாக விடையளிக்க முடியாத மறுப்பு. ஜமீனும் குருமனையும் அரண்மனையும் இல்லாத வீடுகளின் பெண்கள் ஞானஸ்நானப் பதிவேட்டிலும், கடல்கடந்த ஒப்பந்தக் கூலிகளின் பயணப் பட்டியலிலும்தான் பெயரோடு அகப்படுகிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். அங்கேயும், பாருங்கள், குடும்பம் முறிந்த இடத்தில்தான் பதிவு.

பெயர் என்றதும் தேடுபவருக்கு நேரும் நடைமுறைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பெண்ணுக்குத் திருமணத்தில் முன்னெழுத்துத்தான் மாறும். மராத்தியப் பிராமணக் குடும்பங்களில் கணவன் வீடு பெண்ணின் பெயரையே மாற்றிவிடும். ஒரே பெண் இரண்டு குடும்பங்களின் ஏடுகளில் இரண்டு பெயர்களில் இருப்பாள். இருவரும் ஒருவரே என்று சொல்ல இரண்டு ஏட்டிலும் ஒரு வரி இருக்காது. அப்படித்தான் 1865 இல் யமுனா என்ற பெயரோடு பிறந்த குழந்தை, ஒன்பது வயதில் கோபாலராவ் ஜோஷியை மணந்து ஆனந்தி ஆயிற்று. அமெரிக்காவில் ரொசெல் நகரத்துத் தியோடிசியா கார்ப்பென்டர் என்ற பெண்மணி, கோபாலராவின் கடிதத்தை ஒரு மிஷன் பத்திரிகையில் படித்துவிட்டு ஆனந்திக்கு எழுத, கடிதங்கள் வளர்ந்தன. 1883 இல் ஆனந்திபாய் தனியே கப்பலேறினார். 1886 மார்ச்சில் பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, தூரத்து உறவினரான ரமாபாய் அந்த விழாவுக்கு வந்திருந்தார். ஆனந்திபாயைப் பற்றிய சரித்திரங்கள் உடனே வந்துவிட்டன; கரோலின் டால் அமெரிக்காவில் 1888 இலேயே ஒன்றை வெளியிட்டார், காசிபாய் கானிட்கர் மராத்தியில் எழுதினார். எழுதிய இருவரும் பெண்கள் என்பது தற்செயலல்ல. பெற்ற ஒரே குழந்தை பத்தே நாளில் இறந்துபோனதால் ஜோஷி குடும்பக் கொடிவழியில் அவருக்குக் கீழே கோடு இறங்கவில்லை. நாடு திரும்பிய ஆனந்திபாய் 1887 பிப்ரவரி 26 அன்று, இருபத்திரண்டு வயது நிரம்புவதற்குமுன், பூனாவில் காசநோயால் இறந்தார். அவருடைய அஸ்தி கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் பொகீப்சி ஊர்ப்புறக் கல்லறையில், கார்ப்பென்டர் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தில், அந்தக் குடும்பத்தாரின் கற்களுக்கு நடுவே ஆனந்திபாய் ஜோஷியின் பெயர் பொறித்த கல்லும் நிற்கிறது.